அத்தான் சொன்ன சரி

ஜூலை பதினான்காம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. நாலு ஐம்பதுக்கு எழுந்தேன். திங்கட்கிழமைக்கான சட்டையைத் தேய்த்து மாட்டினேன். முந்தைய நாள் டைரியில் விட்டுப்போன இரண்டு வரிகளை எழுதி முடித்தேன். தென்காசியில் ஐந்து மணிக்கே சாரல் தொடங்கியிருந்தது. ஏழு மணிக்கு நாலு இட்லி. ஏழரைக்கு ஸ்கூட்டரில் இலஞ்சியிலிருக்கும் அத்தான் வீட்டுக்குப் புறப்பட்டேன். சீட்டுக்கு அடியில் ஸ்பானர்கள், ஒரு பென்சில், ஒரு பாகைமானி. நில அளவைப் பிரிவில் இருபத்தாறு வருடமாக வரைபடம் போடுகிறவன் நான். கோணம் என்று வந்துவிட்டால் பாகைமானி இல்லாமல் கை ஓடாது. அன்றைக்கு நான் பார்க்க வேண்டியிருந்தது, அத்தானுடைய பழைய படகு மோட்டாரின் சாய்வை.

அத்தான் என் அக்காவின் கணவர். ராணுவத்தில் ஆறுகளைக் கடக்கப் படகு ஓட்டும் வேலையில் இருந்தவர். ஓய்வு பெற்று வந்ததும் ஒரு ஃபைபர் படகையும், யாரோ கழித்துவிட்ட ஒரு மோட்டாரையும் வாங்கினார். ஐந்தருவிச் சாலையிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் குளத்தைக் குத்தகைக்கு எடுத்து, அருவியில் குளிக்க வந்தவர்களைச் சீசன் மூன்று மாதமும் ஏற்றிச் சுற்றிக் காட்டினார். மோட்டாரை அடிக்கடி மாற்றிப் பூட்டுவார். அப்போதெல்லாம் என்னைப் பார்த்து, "மாப்ளே, படகுக்கு மூக்குதாம்லே எல்லாம். மேல தூக்குனா ஒண்ணும் தெரியாது, கீழ குத்துனா ஒண்ணும் மிஞ்சாது" என்பார். நான் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவேன். எப்படிப் பூட்டுகிறார் என்று ஒரு நாளும் குனிந்து பார்த்ததில்லை. முந்தைய கார்த்திகையில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் போயின. பேச்சும் போனது. மிஞ்சியது ஒரே ஒரு சொல். சரி.

எங்கள் குடும்பத்தில் பெரியவரிடம் ஒன்றை 'வேண்டுமா வேண்டாமா' என்று கேட்கிற பழக்கம் கிடையாது. 'செய்யலாமா' என்று கேட்டு நிற்போம், அவர் சரி என்பார், செய்வோம். அத்தானுக்குப் பிடிக்காவிட்டால் சும்மா இருப்பார், அதை நாங்கள் புரிந்துகொள்வோம். நோய் வந்த பிறகும் அதே முறையில்தான் கேட்டுக்கொண்டிருந்தோம். பசுமாட்டைக் கொடுத்துவிடலாமா? சரி. வைத்தியரை மாற்றலாமா? சரி. அவர் மகன் பெங்களூரிலிருந்து போனில், வீட்டைப் பூட்டிவிட்டு இருவரும் அங்கே வந்துவிடுங்கள் என்றான். சரி. படகை வடகரைக்காரர் ஒருவர் கேட்கிறார், கொடுத்துவிடலாமா என்று நானே கேட்டேன். சரி. அன்றிரவு டைரியில் 'அத்தான் சம்மதித்தார்' என்று எழுதினேன். அக்காவும், "அவுங்களே சரின்னுட்டாங்க தம்பி. பெறகு நாம என்னத்த யோசிக்க?" என்றாள். வடகரைக்காரர் திங்கட்கிழமை காலையில் வருவதாகவும், படகு ஒழுங்காக ஓடினால் அன்றைக்கே கொண்டுபோவதாகவும் ஏற்பாடு.

ஆனால் படகு ஒழுங்காக ஓடவில்லை. சனிக்கிழமை மெக்கானிக் ஒருவர் எஞ்சினைத் துடைத்துப் பூட்டிவிட்டுப் போயிருந்தார். குளத்தில் நான் கயிறு இழுத்ததும் எஞ்சின் பிடித்துக்கொண்டது. ஆனால் வேகம் கொடுத்தால் படகின் முன்பக்கம் எழும்பி, எனக்கு வானம் மட்டுமே தெரிந்தது. கரையில் தென்னை மரத்தடியில் அத்தானைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்த்தி, அக்கா குடை பிடித்துக்கொண்டு நின்றாள். நான் திரும்பி வந்து முழங்கால் தண்ணீரில் இறங்கினேன். மோட்டாரைப் படகின் பின்பலகையில் பிடித்திருக்கும் இரும்புச் சட்டத்தில் வரிசையாக ஐந்து ஓட்டைகள். குறுக்கே ஒரு பின். பின் எந்த ஓட்டையில் இருக்கிறதோ, மோட்டார் அந்தச் சாய்வில் நிற்கும். அது நாலாவதில் இருந்தது. பின்னைக் கழற்ற முதலில் மோட்டாரைத் தூக்க வேண்டும். தூக்கினேன், அசையவில்லை. தோளைக் கொடுத்தேன், படகுதான் நகர்ந்தது. அத்தானைப் பார்த்தேன். "சரி, சரி, சரி" என்றார். இடது கையை நாற்காலிக்குக் கீழே கொண்டுபோய் எதையோ நெம்புவதுபோல ஆட்டினார். நடுக்கம் என்று நினைத்தேன். இருபது நிமிடம் கழித்து, சட்டத்துக்கு அடியில் சேறு மூடிக் கிடந்த ஒரு பூட்டுக் கம்பி தற்செயலாகக் கையில் தட்டுப்பட்டது. அதை நெம்பியதும் மோட்டார் சாதுவாக மேலே வந்தது.

"அளந்து முடிச்சிட்டியாலே? பட்டா குடுத்துருவியா?" என்று அக்கா கரையிலிருந்து கேட்டாள்.

பாகைமானியை வைத்துப் பார்த்து, ஐந்தாவது ஓட்டைதான் என்று முடிவுசெய்தேன். "அத்தான், இங்கன போடட்டுமா?" "சரி." போட்டு ஓட்டினேன். முன்பக்கம் இன்னும் எழும்பி, நான் கைப்பிடியோடு பின்னால் சாய்ந்து விழப்பார்த்தேன். திரும்பி வந்தேன். "அப்போ ஒண்ணாவதா அத்தான்?" "சரி." முதல் ஓட்டை படகோடு மிக ஒட்டியது. இந்த முறை மூக்கு தண்ணீருக்குள் குத்தி, படகு ஒரு பக்கமாக இழுத்து, என் மடி நனைந்தது. கரையில் அக்கா கத்துவது கேட்டது. நான் ஈரத்தோடு வந்து சேர்ந்தபோது அவர் அதே முகத்தோடு "சரி" என்றார். அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. முப்பது வருடம் படகு ஓட்டிய மனிதர் பத்தடி தூரத்தில் இருக்கிறார். எல்லாம் அவருக்குள் இருக்கிறது. எனக்கோ அவருக்கோ அதை எடுக்க வழியில்லை.

இரண்டாவது ஓட்டையில் பின்னைச் செருகினேன். படகு மூக்கைத் தாழ்த்திக்கொண்டு, துணி கிழிப்பதுபோலத் தண்ணீரைப் பிளந்துகொண்டு போனது. நேராக எதிர்க்கரை தெரிந்தது. திரும்பி வரும்போதுதான் அதைப் பார்த்தேன். நாற்காலிக் கையில் இருந்த அத்தானின் இடது கை விரிந்து கிடந்தது. அதுவரை நான் கரைக்கு வந்த ஒவ்வொரு முறையும் அது இறுகி மூடியிருந்தது. பார்த்திருக்கிறேன், குறித்துக்கொள்ளவில்லை. சந்தேகம் தீர, வேண்டுமென்றே பின்னை உருவி ஐந்தாவது ஓட்டையில் வைத்து, "இங்கன இருக்கட்டுமா அத்தான்?" என்றேன். "சரி" என்றது வாய். விரல்கள் மடங்கி முட்டியாயின. இரண்டாவதில் வைத்தேன். "சரி." விரல்கள் விரிந்தன.

அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் நம்பவில்லை. "சும்மா இருலே, அது நரம்பு இழுக்குது" என்றாள். பிறகு குனிந்து, அவர் காதருகே, "மத்தியானம் மோர் ஊத்தட்டா?" என்றாள். "சரி." கை விரிந்தே இருந்தது. "கஞ்சி வைக்கட்டா?" "சரி." கை மூடியது. கஞ்சியைக் கண்டாலே அவருக்கு ஆகாது. எட்டு மாதமாக ராத்திரி கஞ்சிதான். அக்கா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். நான் தண்ணீரில் நின்றபடியே கேட்டேன். "அத்தான், படகைக் குடுத்துரலாமா?"

"சரி" என்றார். முட்டி இறுகியது. விரல் கணுக்கள் வெளுத்து, நாற்காலியின் கை அசைந்தது.

பெங்களூரைப் பற்றி அக்கா கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. இருவரும் அவரை மெதுவாக ஆட்டோவில் ஏற்றினோம். "அவுங்க வேண்டாம்னாலும் இந்தப் படகை யாருலே ஓட்டுவா? நானா?" என்றாள், வழியில். சாயங்காலம் வீட்டில் எட்டு மாத டைரியையும் எடுத்து வைத்து, அவர் சரி சொன்னதாக எழுதியிருந்த இடங்களில் எல்லாம் பென்சிலால் கேள்விக்குறி போட்டேன். மாடு, வைத்தியர், வயலைப் பாகம் பிரித்தது, பேத்தியின் காதுகுத்துக்கு அவரை விட்டுவிட்டுப் போனது. எதுவும் திருப்பி வாங்கக்கூடியதல்ல. என் கையெழுத்து மட்டும் எல்லா இடத்திலும் ஒழுங்காக இருந்தது.

படகை விற்காததால் நல்லது ஒன்றும் நடந்துவிடவில்லை என்பதையும் எழுத வேண்டும். படகு அதன் பிறகு ஓடவில்லை. மகன் வருத்தப்பட்டு ஒரு மாதம் பேசவில்லை. அத்தான் மறு சித்திரையில் இலஞ்சி வீட்டிலேயே காலமானார். அது வரைக்கும் ஏதாவது கேட்டால் நாங்கள் அவர் முகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டுக் கையைப் பார்த்தோம். பாதி நாள் அந்தக் கை எதுவும் சொல்லாமல் மடியில் கிடந்தது. அப்போது என்ன செய்வதென்று எங்களுக்குத் தெரியவில்லை.

ஜூலை பதினைந்து, திங்கட்கிழமை. ஐந்து நாற்பதுக்கு, பல் விளக்கும் முன்பே, வடகரைக்காரருக்குப் போன் செய்தேன்.

"அண்ணாச்சி, இன்னைக்கு வராண்டாம். படகு விக்கல."

"என்ன திடீர்னு? அன்னைக்கு எல்லாரும் சம்மதம்னுல்லா சொன்னீங்க?"

"அத்தான் வேண்டாம்னுட்டாங்க."

"அவுங்களுக்குப் பேச்சு வந்துட்டா?" என்று கேட்டார்.

இல்லை என்றேன்.