பாய் பேசாமல் இருந்த நேரம்

ராயபுரத்தில் வால்வு ஆம்ப்ளிஃபயர்கள் விற்கும் அந்த பாய்க்குக் கனத்த உடம்பு, மருதாணிச் சிவப்பேறிய தாடி. பாட்டு ஓடும்போது பேசாமல் இருக்க அவரால் முடியாது. என்னிடம் இருந்த பணத்துக்கு ஒன்றுதான் வாங்க முடியும். தவறாக எடுத்தால் மாற்ற வழியில்லை. சின்னதையும் பெரியதையும் ஒப்பிட்டுக் கேட்கப் போயிருந்தேன். ஒரு பல்லவியைக்கூட அவர் முழுதாகக் கேட்க விடவில்லை.

“பெர்சு பாரு சார், தெருவே அதிரும்!” என்று ஒலியைக் கூட்டினார்.

“பாய், என் வீட்டுல ஒரே ரூம்தான். மெதுவா கேட்டா போதும்.”

“மெதுவா கேக்கறதுக்கு இன்னாத்துக்கு சார் ஆம்ப்ளிஃபயரு? செல்போனே போதுமே!”

அப்போது பக்கத்துப் பள்ளிவாசலில் பாங்கு ஒலித்தது. இரண்டின் ஒலியையும் முழுக்கக் குறைத்துவிட்டுத் தொப்பியை எடுத்து அணிந்தார். பாங்கு முடிந்ததும் கையேந்தி துஆ கேட்டார். கடை முதல்முறையாக அமைதியானது. அந்த அமைதியில் பெரியதன் ஸ்பீக்கர் தெருமுனை டிரான்ஸ்பார்மர் போல் உறுமியது. சின்னதில் சத்தமே இல்லை.

“சின்னதைக் கட்டிக் குடுங்க பாய்.”

“பெர்ச நீ சரியாவே கேக்கல சார்,” என்றார் வருத்தத்தோடு.

அந்த உறுமல் அவர் காதில் விழவே இல்லையா, விழுந்ததால்தான் அவ்வளவு பேசினாரா என்பது எனக்கு இன்றும் தெரியவில்லை.