கெபிக்குப் பின்னால் பதினோராம் எபிசோட்

என் நெஞ்சில் முதல் வலி வந்தபோது ஒரு கொரிய இளவரசன் ஊறுகாய் ஜாடிக்குள் ஒளிந்திருந்தான்.

ஆள் உயர ஜாடி. அரண்மனைச் சமையற்கட்டின் பின்புறம் இருபது முப்பது வரிசையாக நிற்கும். அதில் ஒன்றுக்குள் பட்டு அங்கியோடு இவன் குந்தியிருக்க, இவனைத் தேடி வந்த மந்திரி களைத்துப்போய் அதே ஜாடியின் மூடிமேல் உட்கார்ந்துவிட்டார். ஆண் வேடமிட்டு அரண்மனைச் சமையல் வேலைக்கு வந்திருக்கும் நாயகி, மந்திரியை எழுப்ப என்னென்னவோ செய்து பார்க்கிறாள். நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். அப்போதுதான் நெஞ்சின் நடுவில் யாரோ உள்ளங்கையை வைத்து அழுத்தினார்கள். அழுத்தம் இடது தாடைவரை ஏறியது. கழுத்து வியர்த்தது.

வாயைப் பொத்தியதற்குக் காரணம் உண்டு. நான் உட்கார்ந்திருந்தது எங்கள் பங்குக் கோயில் வளாகத்தில், மாதா கெபிக்கு (குகை போலக் கட்டிய சிறு பீடம்) பின்னால். அன்று தவக்காலத்து (ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நோன்பு நாட்கள்) வெள்ளிக்கிழமை. உள்ளே சிலுவைப்பாதை (இயேசுவின் பாடுகளைப் பதினான்கு ஸ்தலங்களாக நினைத்துச் செய்யும் ஜெபம்) நடந்துகொண்டிருந்தது.

நெஞ்சு வலியோடு இதைப் படிக்கிறவர்கள் முதலில் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வந்து மீதியைப் படிக்கவும். நான் எங்கும் ஓடிவிட மாட்டேன். ஓடக் கூடாது என்றும் சொல்லியிருக்கிறார்கள்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் வாகன உதிரிபாகங்கள் செய்யும் கம்பெனியில் தரப் பரிசோதகர் நான். வயது ஐம்பத்தொன்று. வீடு மேனாம்பேட்டில். என் மனைவி ஸ்டெல்லாவும் மகள் ஜெனியும் அந்தக் கொரியத் தொடரை ஹாலில் பார்க்க ஆரம்பித்தபோது, நான் சாப்பாட்டு மேசையிலிருந்து கிண்டல் செய்தேன். "என்னடி இது, மாப்பிள்ளை பொண்ணைவிட நல்லா மேக்கப் போட்டிருக்கான்? தலையில என்ன, இட்லிப் பானையா?" கிண்டல் செய்வதற்காகவே தினமும் அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். செய்தித்தாளை விரித்தபடி. மூன்றாம் எபிசோடில் என் செய்தித்தாள் தலைகீழாக இருந்ததை ஜெனி கவனிக்கவில்லை என்றே இன்றும் நம்ப விரும்புகிறேன்.

தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன் வந்தது. தவக்காலம் முடியும்வரை கறி இல்லை, மீன் இல்லை, கொரியத் தொடரும் இல்லை என்று ஸ்டெல்லா அறிவித்தாள். ஒன்பதாம் எபிசோடோடு நிறுத்தினார்கள். "எனக்கென்ன, நான்தான் பாக்குறதே இல்லையே" என்றேன். மூன்றாம் நாள்தான் தெரிந்தது, அந்த வீட்டிலேயே அதிகமாகத் தவிப்பவன் நான் என்று.

எங்கள் கோயிலில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் உட்காருவது வழக்கம். அந்த வழக்கம்தான் எனக்கு வழிவிட்டது. வெள்ளிக்கிழமை ஸ்டெல்லாவோடு வருவேன். அவள் முன்னால் போய்விடுவாள். நான் ஆண்கள் பக்கம் கடைசி வரிசையில் உட்கார்ந்து, இரண்டாம் ஸ்தலத்தில் எல்லோரும் முழங்காலிடும்போது நழுவி, கெபிக்குப் பின்னால் போய்ப் போனில் அடுத்த எபிசோடைப் போடுவேன். பதினான்கு ஸ்தலங்கள். ஒவ்வொன்றுக்கும் முழங்காலிட்டு எழ வேண்டும். உள்ளே பாட்டுச் சத்தத்தை வைத்து எத்தனையாவது ஸ்தலம் என்று கணக்கிட்டு, முடிகிற நேரத்துக்குப் போனை அணைத்துவிடுவேன்.

அன்று அணைக்கத் தெம்பில்லை. எல்லோரும் வெளியே வந்தபோது கெபியின் படியில் வெளிறிப்போய் உட்கார்ந்திருந்தேன். போன் மட்டும் எப்படியோ பைக்குள் போய்விட்டது. உயிர் போனாலும் மானம் போகக் கூடாது என்று அந்தக் கைக்குத் தெரிந்திருந்தது.

ஸ்டெல்லா நேராக மருத்துவமனைக்குக் கூட்டிப்போனாள். ஈசிஜி (இதயத்தின் மின்துடிப்பைக் கோடுகளாக வரைந்து காட்டும் சோதனை) எடுத்தார்கள். அதில் குறை எதுவும் தெரியவில்லை. மருத்துவர் இளம்பெண்.

"வலி வந்தப்போ என்ன சார் செஞ்சிட்டிருந்தீங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் ஸ்டெல்லா சொன்னாள்: "சிலுவைப்பாதை டாக்டர். பதினாலு தடவை முட்டி போட்டு எழுந்திருக்கணும். இவருக்குப் பழக்கமில்ல. இந்த வருஷந்தான் ஒழுங்கா வர்றார்." குரலில் பெருமை இருந்தது.

"அப்படியா சார்?"

தலையாட்டினேன்.

"உக்காந்ததும் வலி குறைஞ்சுதா?"

மறுபடி தலையாட்டினேன்.

"சும்மா உக்காந்திருக்கும்போது எப்பவாவது வந்திருக்கா? யோசிச்சுச் சொல்லுங்க, இது முக்கியம். வேலை செய்யும்போது வந்து, ஓய்வெடுத்தா போற வலின்னா கொஞ்சம் நிதானமா சோதிக்கலாம். சும்மா இருக்கும்போதே வருதுன்னா இப்பவே அட்மிட் பண்ணணும்."

ஸ்டெல்லா என் தோளில் கை வைத்திருந்தாள்.

"இல்லம்மா" என்றேன்.

கம்பெனியில் அளக்காமலேயே படிவத்தில் அளவு எழுதுகிறவனை நான் விட்டுவைப்பதில்லை. "உன் பொய் எவன் வண்டியிலயாவது போய் உடையும்டா" என்று வருடக்கணக்காகக் கத்தியிருக்கிறேன். என் உடம்பின் படிவத்தில் நானே பொய் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். ஆஞ்சைனா (இதயத் தசைக்கு ரத்தம் போதாமல் வரும் வலி) ஆக இருக்கலாம் என்று சொல்லி, மாத்திரைகளும், வலி வந்தால் நாக்குக்கடியில் வைத்துக்கொள்ள ஒரு குட்டி மாத்திரையும் தந்தார் மருத்துவர். ட்ரெட்மில் சோதனைக்கு (ஓடும் பட்டைமேல் நடக்கவிட்டு இதயத்தைக் கவனிப்பது) புதன்கிழமை வரச் சொன்னார்.

அதன்பின் என் பீதியைப் பற்றிக் கேட்காதீர்கள். நாடியை எண்ணினேன். எண்பது. பயத்தில் மறுபடி எண்ணினேன். தொண்ணூற்றாறு. வாயுதான் என்று முடிவுசெய்து ஓம வாட்டர் குடித்தேன். ஏப்பம் வந்தபோது அழுகையே வந்துவிட்டது, அவ்வளவு சந்தோஷம். கட்டிலில் மல்லாந்து, சவப்பெட்டிக்குள் எப்படி இருப்பேன் என்று கைகளைக் கோத்துப் பார்த்தேன். தொப்பை இடித்தது.

சனிக்கிழமை எங்கள் அன்பியத்தார் (கோயிலைச் சேர்ந்த பக்கத்துத் தெருக் குடும்பங்கள்) ஜெபிக்க வந்தார்கள். எதிர்வீட்டு அமலி அக்கா உருக்கமாகக் கேட்டார்: "எத்தினியாவது தம்பி, வலி வந்தது?"

யோசிக்காமல் "பதினொண்ணுக்கா" என்றேன்.

"பதினோராம் ஸ்தலம்! ஆண்டவரைச் சிலுவையில அறையிற எடம்! பாத்தியா ஸ்டெல்லா, உன் வீட்டுக்காரருக்கு எப்பேர்ப்பட்ட பாக்கியம்!"

என் நெஞ்சில் புனித எண்ணெய் பூசினார்கள். ஒரு பாட்டி என் கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். தரை பிளந்து என்னை விழுங்கியிருந்தால் நன்றி சொல்லியிருப்பேன்.

அதன்பிறகும் பார்த்தீர்களா என்று கேட்டால், பார்த்தேன். அன்று மாலையே, குளியலறையில், இரண்டு எபிசோடுகள். இதற்கு விளையாட்டாகப் பதில் சொல்லத் தெரியவில்லை. நாள் முழுக்கச் சாவைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்த எனக்கு, அந்தப் பெண் மாவு பிசைவதையும், அவள் ஆண் இல்லை என்று தெரிந்த பிறகும் தெரியாததுபோல அந்த இளவரசன் நடிப்பதையும் பார்க்கும் நேரத்தில் மட்டும் நெஞ்சு என்று ஒன்று இருப்பது மறந்துபோனது. அவளிடம் ஒரு வார்த்தை சொல்ல அவன் ஆறு எபிசோடுகள் எடுத்துக்கொண்டான். எனக்கு அவசரமே இல்லை. அவன் இன்னும் ஆறு எடுத்தால்கூட நான் இருக்க வேண்டும் என்று தோன்றியது. நடுவில் வலி ஒருமுறை லேசாக எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. குந்தியிருந்த வாகு சரியில்லை என்று சொல்லிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ஸ்டெல்லா டிவியைப் போட்டாள். முகப்பிலேயே இளவரசனின் படம். கீழே 'தொடர்ந்து பார்க்க: பதினான்காம் எபிசோட்' என்ற வரி. டிவியிலும் என் போனிலும் ஓடுவது ஜெனியின் கணக்கு.

"ஏண்டி, அப்பா நெஞ்ச புடிச்சுகிட்டுப் படுத்திருக்காரு. நேர்ந்துகிட்டத மீறி உனக்கு இது கேக்குதா?"

"நான் பாக்கலம்மா."

"அப்ப பேய் பாத்துச்சா?"

"சத்தியமா இல்லம்மா!"

"சத்தியம் வேற பண்றா. இதுக்குத்தான் ஆண்டவர் அவரச் சோதிக்கிறாரு."

நான் செய்தித்தாளை உயர்த்திப் பிடித்திருந்தேன். அதில் என்ன போட்டிருந்தது என்று இன்றுவரை தெரியாது. ஜெனி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். என் வாழ்வில் நான் செய்த அற்பமான காரியம் எது என்று கேட்டால், நெஞ்சில் எண்ணெய்ப் பிசுக்கோடு அந்தக் காகிதத்துக்குப் பின்னால் உட்கார்ந்திருந்ததுதான்.

திங்கள் பிற்பகல். ஸ்டெல்லா பள்ளிக்கூட அலுவலக வேலைக்குப் போயிருந்தாள். ஜெனி தன் அறையில், வீட்டிலிருந்தே பார்க்கும் கம்பெனி வேலையில் இருந்தாள். நான் மாடிப்படியில். மழைக்காட்சி. இளவரசன் தன் மேலங்கியைக் கழற்றி அவள் தலைக்குமேல் விரித்துப் பிடித்திருக்கிறான். தான் நனைகிறான்.

இந்தமுறை வந்தது உள்ளங்கை இல்லை, முழங்கால். முழங்காலை ஊன்றி ஒருவன் என் நெஞ்சில் ஏறினான். நாக்குக்கடியில் மாத்திரையை வைத்தேன். போகவில்லை. "ஜெனி" என்று கூப்பிட்டது எனக்கே கேட்கவில்லை. படிக்கட்டுக் கைப்பிடியில் போனைத் தட்டினேன். தட்டிக்கொண்டே இருந்தேன்.

ஓடிவந்தவள் போனை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, தெருமுனை ஆட்டோவைக் கூப்பிட்டாள். ஓட்டுநர் என்னைப் பார்த்ததும் புரிந்துகொண்டார்.

"அண்ணாத்தே, கண்ண மூடாத. எதுனா பேசிகினே வா. பேச்ச நிறுத்தாத."

என்னிடம் அப்போது பேச ஒரே ஒரு விஷயம்தான் இருந்தது.

"ஜெனி... அத நான்தான் பாத்தேன்."

"எத டாடி?"

"இளவரசன. கெபிக்குப் பின்னால. வெள்ளிக்கெழமையும் அப்படித்தான் வலி வந்துச்சு. முட்டியே போடல."

அவள் என் கையை விடவில்லை. ஓட்டுநர் திரும்பாமல் சொன்னார்: "கொரியா படமா? என் ஊட்லயும் அதான் ஓடிகினு கீது. நல்ல புள்ள அண்ணாத்தே அந்த ராஜா. நீ மேல சொல்லு."

"நேத்துலேருந்து அம்மா எங்கிட்ட மொகம் குடுத்துப் பேசல, டாடி" என்றாள் ஜெனி. கொஞ்ச தூரம் போனதும், "டாக்டர்கிட்ட நீங்களே சொல்லணும். அம்மா இருந்தாலும் சொல்லணும்" என்றாள்.

அதே மருத்துவர்தான். ஸ்டெல்லாவும் பள்ளியிலிருந்து நேராக வந்து சேர்ந்திருந்தாள். நெஞ்சு நிறைய ஒயர்களோடு, மூக்கில் குழாயோடு சொன்னேன். ரெண்டு தடவையும் சும்மாதான் உட்கார்ந்திருந்தேன், தொடர் பார்த்துக்கொண்டிருந்தேன், நடுவில் சனிக்கிழமையும் லேசாக வந்தது. மருத்துவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரித்திருந்தால் எளிதாக இருந்திருக்கும். அவர் முந்தைய தாளை எடுத்தார். முதலில் எழுதியிருந்ததை அடித்துவிட்டு, 'ஓய்வில் இருக்கும்போது' என்று எழுதினார்.

ட்ரோபோனின் (இதயத் தசை அடிபட்டால் ரத்தத்தில் கூடும் புரதம்) கூடியிருந்தது. ஆஞ்சியோகிராமில் (மணிக்கட்டு வழியே மெல்லிய குழாய் செலுத்தி இதயக் குழாய்களைப் படமெடுப்பது) முன்பக்கக் குழாய் ஒரு நூலிழைதான் திறந்திருந்தது. அங்கேயே ஸ்டென்ட் (குழாயைத் திறந்து வைக்கும் சிறு வலைச்சுருள்) வைத்தார்கள். நான் விழித்தே இருந்தேன். "தொடரும்னு போடுவீங்களா டாக்டர்?" என்றேன். "பேசாம படுங்க சார்" என்றார்கள். புதன்கிழமை அந்தப் பட்டைமேல் ஏறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பிறகு கேட்டேன். மருத்துவர் என் இரத்த அழுத்தத்தைப் பார்த்தார்.

ஸ்டெல்லா முதலில் ஜெனியிடம்தான் பேசினாள். கண்ணாடிக் கதவுக்கு அப்பால், அவள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னாள். என்னிடம் பேச இரண்டு நாள் ஆனது. கஞ்சியை ஆற்றிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள்:

"தொடர் பாத்ததுக்கு எனக்குக் கோவம் இல்லைங்க. தவக்காலத்துல பாத்ததுகூட உங்களுக்கும் ஆண்டவருக்கும் உள்ளது. டாக்டர் கேட்டப்போ பதில் சொன்னது நான். என் வாயால சொன்னேன். நீங்க செத்துப் போயிருந்தீங்கன்னா, அந்தப் பொய்ய என் வாயாலதான் சொன்னேன்னு தெரியாமயே இருந்திருப்பேன்."

வேடிக்கையாக ஒரு பதில் நாக்கு நுனிவரை வந்தது. ஐம்பத்தொரு வருடத்தில் முதல்முறையாக அதை விழுங்கினேன். விழுங்குவது கஞ்சியைவிடக் கஷ்டமாக இருந்தது.

இதைப் படிக்கும் உங்களுக்கு நான் சொல்ல ஒன்றுதான் உண்டு. மருத்துவர் கேட்கும்போது, என்ன செய்துகொண்டிருந்தீர்களோ அதைச் சொல்லுங்கள். எவ்வளவு அசிங்கமாக இருந்தாலும். அவர்கள் அதைவிட அசிங்கமானதெல்லாம் கேட்டிருப்பார்கள்.

ஈஸ்டர் முடிந்துவிட்டது. ஸ்டெல்லாவும் ஜெனியும் விட்ட இடத்திலிருந்து பார்க்கிறார்கள். நானும் சோபாவிலேயே உட்காருகிறேன். அமலி அக்காவிடம் நானே போய் உண்மையைச் சொன்னேன். அவர் கேட்டது, அது எந்த ஆப்பில் வருகிறது என்பதுதான்.

உடம்பு பழைய உடம்பு இல்லை. முன்பு அது நான் உட்கார்ந்து போகும் வண்டி. இப்போது கூடவே குடியிருக்கும் ஒரு ஆள். காலையில் மேனாம்பேட்டுத் தெருவில் அரைமணி நேரம் அதை மெதுவாக நடத்திக் கூட்டிப் போகிறேன். நடக்கும்போது பயமில்லை. சும்மா உட்காரும்போதுதான் காது உள்பக்கம் திரும்பிக்கொள்கிறது.

ஒவ்வொரு மாலையும் ஸ்டெல்லா கேட்கிறாள், "வலி எதுவும் இருக்கா?"

"இல்ல" என்கிறேன். உண்மைதான். ஆனால் அவள் உடனே திரும்பிவிடுவதில்லை. என் முகத்தைப் பார்க்கிறாள். முன்பு என் சொல் அவளுக்கு அந்தக் கணமே போதுமானதாக இருந்தது. இப்போது அது அவளிடம் போய்ச் சேரக் கொஞ்ச நேரம் பிடிக்கிறது. நான் நகைச்சுவை எதுவும் சொல்லாமல், கண்ணை எடுக்காமல், அவள் பார்த்து முடிக்கும்வரை உட்கார்ந்திருக்கிறேன்.