முலாம்பழக் கிம்ச்சி

தல்ஹோவின் வீட்டில் பொருள் காணாமல் போனால் யாரும் திருடனைத் தேடுவதில்லை. அவர் மனைவி இன்சுக் நேராகப் பின்பக்கத்துப் பால்கனிக்குப் போய்விடுவாள். அங்கே வாஷிங் மெஷினுக்கும் சுவருக்கும் நடுவில், குட்டை முக்காலியில் குந்திக்கொண்டு, அவள் வீட்டுக்காரர் வேப் என்கிற மின்சிகரெட்டுக்கான திரவம் கலந்துகொண்டிருப்பார். காப்பியில் நுரை எழுப்பும் மின்மத்து அவர் கையில் இருக்கும். மகள் யூரிம் சியோலுக்கு வேலைக்குப் போனபோது விட்டுச்சென்ற நகப்பூச்சுத் தட்டில் எசன்ஸ் குப்பிகள் வரிசை கட்டி நிற்கும். மாத்திரை டப்பாவில் கம்பிச்சுருள்கள், இருமல் மருந்துப் பாட்டில்களில் கலந்து முடித்த சரக்கு, மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் வேப். கண்ணாடி எங்கே என்று கேட்டால் மட்டும் அவருக்குத் தெரியாது.

போன வருஷம் ஒருமுறை, திரவம் சீக்கிரம் பதமாகட்டும் என்று குப்பிகளை ரைஸ் குக்கரில் இளஞ்சூட்டில் வைத்துவிட்டார். ஒரு குப்பியின் மூடி சரியில்லை. அன்றைய சோறு முழுக்க வெனிலா.

"யூரிம் அப்பா, இது சோறா, ஐஸ்கிரீமா?"

"ரெண்டும்தான். ஒரே செலவு."

"உங்க மூஞ்சிக்கு ரெண்டும் கிடையாது. எந்திரிங்க!"

இந்தப் பைத்தியத்துக்கு ஒரு காரணம் உண்டு. குன்சானில் டவுன் பஸ் ஓட்டுகிற தல்ஹோ, இளவயதிலிருந்தே சிகரெட்டை மூச்சாக இழுத்தவர். டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டிய அன்று பயந்துபோய் வேப்புக்கு மாறினார். கடைத் திரவம் வாய்க்குப் பிடிக்கவில்லை. தானே கலக்கக் கற்றுக்கொண்டு, நிக்கோட்டினைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, கடைசியில் அது இல்லாமலே வாசனைக்காக மட்டும் கலக்கும் நிலைக்கு வந்துவிட்டார். சிகரெட்டை விட்ட பிறகு ஒருநாள், முன்சீட்டுப் பாட்டியின் மூட்டையிலிருந்து நெத்திலிக் கருவாட்டின் மணம் குபீரென்று ஏறியது. பயணிகள் முகம் சுளித்து ஜன்னலைத் திறந்தார்கள். இத்தனை வருஷமாக இதையெல்லாம் தெரியாமலே ஏற்றி இறக்கியிருக்கிறோமே என்று அவர் மட்டும் மூக்கை நீட்டி இன்னொருமுறை இழுத்துக்கொண்டார். அன்றிலிருந்து எதைக் கண்டாலும் மோந்து பார்ப்பார்.

இன்சுக் எல்லாவற்றையும் திட்டித் திட்டிப் பொறுத்துக்கொண்டாள், ஒன்றைத் தவிர. கிம்ச்சி ஊறுகாய்க்கென்றே இருந்த தனி ஃபிரிட்ஜைத் தொடக்கூடாது. சந்தையில் அவள் நடத்துவது தொடுகறிக் கடை. கருவாட்டு வறுவல், ஊறவைத்த பூண்டிலை, கிம்ச்சி என்று அவள் கைப்பக்குவத்துக்காகவே வருகிறவர்கள் உண்டு. குளிர்காலம் தொடங்குமுன் ஊரே முட்டைக்கோஸில் மசாலா தடவிப் பானை பானையாகக் கிம்ச்சி போடும் பருவத்தில், வீட்டில் போட முடியாத குடும்பங்கள் இன்சுக்கிடம்தான் சொல்லிவைக்கும்.

வேண்டாம் என்றால் விடுகிற ஆளா தல்ஹோ? கிம்ச்சி பதமாகிற குளிரில் திரவமும் பதமாகும் என்று டிப்போவில் ஒருவன் சொல்லிவிட்டான். கிம்ச்சி ஃபிரிட்ஜில் முள்ளங்கி டப்பாவுக்கு அடியில் ஒரு குப்பியை ஒளித்துவைத்தார். நல்ல கெட்டியான முலாம்பழ எசன்ஸ்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஃபிரிட்ஜைத் திறந்து பார்த்தார். குப்பி விரிசல்விட்டு, எசன்ஸ் அவ்வளவும் கீழிருந்த கிம்ச்சிக்குள் இறங்கியிருந்தது. வாசனை சமையலறையைத் தூக்கிக்கொண்டு போனது. துடைக்கத் துணி தேடுவதற்குள் வாசற்கதவு திறந்தது. தல்ஹோ ஃபிரிட்ஜை மூடிவிட்டுச் சாதுவாக உட்கார்ந்துகொண்டார்.

இன்சுக் வந்தாள், கை கழுவினாள், ஃபிரிட்ஜைத் திறந்தாள். கிம்ச்சியை எடுத்து நறுக்கி மேசையில் வைத்தாள். சோறு போட்டாள். உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தாள்.

"என்ன முழிக்கிறீங்க? சாப்பிடுங்க."

தல்ஹோ ஒரு துண்டை வாயில் வைத்தார். பூண்டும் மிளகாயும் போட்ட முலாம்பழ மிட்டாய். திருடனுக்குத் தேள் கொட்டியது போல, முழுங்கவும் முடியாமல் கத்தவும் முடியாமல் தவித்தார். இது ஏதோ புதுவகைத் தண்டனை என்றுதான் முதலில் நினைத்தார். கொதித்தால் கத்தித் தீர்க்கிற பெண்பிள்ளை, மௌனமாகப் பழிவாங்குகிறாள் போலிருக்கிறது.

"நல்லா புளிச்சிருக்குல்ல?" என்றாள் இன்சுக். இன்னொரு துண்டை எடுத்துக்கொண்டாள்.

முகத்தில் கோபம் இல்லை, கிண்டல் இல்லை. பசியோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

"யூரிம் அம்மா," என்றார் மெதுவாக. "இதுல என்ன வாசனை வருதுன்னு சொல்லு."

அவள் கையிலிருந்த சாப்பாட்டுக் குச்சிகள் பாதி வழியில் நின்றன. இன்சுக் அவரைப் பார்த்தாள், கிம்ச்சியைப் பார்த்தாள், மறுபடி அவரைப் பார்த்தாள்.

"என்னத்தக் கொட்டினீங்க?"

"முலாம்பழம்."

அவள் திட்டவில்லை. குச்சிகளைக் கீழே வைத்துவிட்டு அழுதாள். கல்யாணமான நாளாக அவள் அப்படி அழுது தல்ஹோ பார்த்ததில்லை. முலாம்பழத்துக்காகத் திட்டு வாங்கியிருந்தால் எவ்வளவு நன்றாயிருந்திருக்கும் என்று தோன்றியது.

"வசந்தத்துல காய்ச்சல் வந்துச்சுல்ல, அதோட போயிடுச்சு. உப்பு தெரியுது, புளிப்பு தெரியுது, உறைப்பு தெரியுது. மணம்தான் இல்ல. எதைத் தின்னாலும் ஈரத்துணி."

"இத்தனை மாசமா என்கிட்ட கூடச் சொல்லலையே?"

"தொடுகறிக் கடைக்காரிக்கு மூக்கு இல்லன்னு சந்தையில தெரிஞ்சா யாரு வருவா? பழைய நினைப்பிலதான் கைபோட்டுக்கிட்டிருக்கேன். இப்பவே ஆள் கொறையுது. அவங்க ஒண்ணும் சொல்றதில்ல. வர்றதில்ல, அவ்வளவுதான்."

டாக்டரிடம் போயிருக்கிறாள். நாலைந்து வாசனைகளைத் தினமும் காலையிலும் சாயங்காலமும் மோந்து மூக்கைப் பழக்கச் சொன்னாராம். எலுமிச்சைத் தோலைக் கொஞ்சநாள் மோந்திருக்கிறாள். சுவரை மோந்தது மாதிரி இருந்ததாம், விட்டுவிட்டாள்.

"அடி பைத்தியமே! ஊர்ல இருக்கிற வாசனையெல்லாம் பின்னாடி பால்கனியிலதானே இருக்கு!"

அன்று சாயங்காலமே தல்ஹோ நகப்பூச்சுத் தட்டைக் காலிசெய்தார். இருமல் மருந்துப் பாட்டில்களை வெந்நீரில் அலசினார். ஒவ்வொன்றிலும் பஞ்சை வைத்து எசன்ஸைச் சொட்டவிட்டார். எலுமிச்சை, ரோஜா, காப்பி, லவங்கம். வேப்புக்காக அவர் கடத்தி வந்த சாமான்கள் ஒவ்வொன்றாகச் சமையலறைக்குத் திரும்பி வந்து வீட்டம்மாளுக்கு ஊழியம் செய்தன. காலையில் பஸ்ஸுக்குப் போகுமுன் ஒரு சுற்று, வந்ததும் ஒரு சுற்று.

"ரோஜா. நினைச்சுக்கிட்டே மோந்து பாரு. நம்ம கல்யாணத்துல வெச்சாங்களே."

"நம்ம கல்யாணத்துல காகிதப் பூவுதான் வெச்சாங்க. உங்க அம்மாவோட சிக்கனம்."

"சரி, அடுத்த வீட்டுக் கல்யாணத்த நினைச்சுக்கோ."

ஒன்றும் வரவில்லை. தினமும் ஒன்றும் வரவில்லை. ஆனாலும் தல்ஹோ விடவில்லை. செத்துப்போனது என்று நினைத்த தன் மூக்கு ஒரு கருவாட்டு மூட்டைக்கு எழுந்து உட்கார்ந்ததை அவர் பார்த்திருக்கிறார். தனக்கு வந்தது இவளுக்கு வராமல் போகுமா என்று முரட்டுத்தனமாக நம்பினார்.

அதற்குள் கிம்ச்சிப் பருவம் வந்துவிட்டது. தல்ஹோ லீவு போட்டுக் கடைக்குள் வந்து நின்றார். இன்சுக் மசாலா பிசைவாள், அவர் மோந்து, நாக்கில் வைத்துச் சொல்வார்.

"முன்னாடி இனிப்பா வருது. நடுவுல ஆழம் இல்ல. விடும்போது கொஞ்சம் கசக்குது."

"இது என்ன வேப்பா? உப்புல ஊறின இறால் பத்துதா பத்தலையா, அதச் சொல்லுங்க!"

"பத்தல. இஞ்சி தூக்கல்."

"இஞ்சி தூக்கலா? நான் போட்டது இவ்வளவுதான்."

"உன் கை போட்டுச்சு. என் மூக்கு சொல்லுது."

முணுமுணுத்துக்கொண்டே அவள் இன்னொரு கை இறாலைப் போட்டாள். மறுநாள் எதிர்ப்பக்கத்து மீன்கடை அக்கா ஒரு கிம்ச்சி இலையைச் சுருட்டி வாயில் போட்டுக்கொண்டு, "இன்சுக், இப்பதான் உன் கைப்பக்குவம் திரும்பிச்சு. நடுவுல என்னமோ ஆயிருந்துச்சு போ" என்றாள். சொல்லிவைத்த குடும்பங்கள் டப்பா டப்பாவாக வாங்கிப் போயின. வராமல் நின்றுபோன ஒன்றிரண்டு முகங்கள்கூட எட்டிப் பார்த்தன. தல்ஹோவுக்குத் தலைகால் புரியவில்லை.

இன்சுக் மட்டும் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நாலடி முன்னாலேயே நடந்தாள்.

"ஏன் மூஞ்சிய தூக்கி வெச்சிருக்க? அதான் எல்லாம் வித்துப்போச்சே."

"வித்தது என் கை இல்ல, உங்க மூக்கு. அடுத்த வருஷமும் உங்க மூக்கக் கடன் வாங்கணுமா? எனக்கு என் மூக்கு வேணும், யூரிம் அப்பா."

வீட்டுக்கு வந்ததும் தல்ஹோ சமையலறை விளக்கைப் போட்டார். தட்டை எடுத்து வைத்தார். எலுமிச்சை, ரோஜா, காப்பி, லவங்கம். ஒன்றும் வரவில்லை.

வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்த ஒரு காலை. பஸ் சக்கரங்களுக்குச் சங்கிலி மாட்ட வேண்டும், சீக்கிரம் கிளம்பியாக வேண்டும். அவசர அவசரமாகக் குப்பிகளை நீட்டினார். எலுமிச்சை, ஒன்றுமில்லை. ரோஜா, ஒன்றுமில்லை. காப்பிக் குப்பி அவள் மூக்கருகே போனதுதான் தாமதம், இன்சுக் தலையை வெடுக்கென்று பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"ச்சீ! என்ன கருமம் இது? டயர் எரிஞ்ச மாதிரி!"

தல்ஹோ தானே குப்பியை மோந்தார். அருமையான காப்பி. அவர் கலவையிலேயே நயமானது.

"டயரா? நிஜமாவா?"

"பின்ன பொய்யா சொல்றேன்? சாக்கடையில டயரப் போட்டு எரிச்ச மாதிரி நாறுது. தூரப் போ..." என்றவள் நிறுத்தினாள்.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தல்ஹோ பஸ்ஸை மறந்தார். லவங்கக் குப்பியை நீட்டினார்.

"இது?"

"ஒண்ணும் இல்ல."

மறுபடி காப்பி.

"ஐயோ, நாறுது! டாக்டர் சொன்னாரு," என்றாள் இன்சுக், மூச்சு வாங்க. "வந்தா மொதல்ல கோணல்மாணலாத்தான் வரும்னாரு. நல்லது கெட்டதா தெரியுமாம். அப்புறம்தான் மெல்ல நேராகுமாம்."

முகம் சுருங்கி, கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தல்ஹோவால் கண்டுபிடிக்க முடியவில்லை. அவர் குப்பியை மூடப்போனார். இன்சுக் அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"மூடாதீங்க. எவ்வளவு நாறுதுன்னு இன்னொரு தடவை பாக்குறேன்."