முந்திக் கேட்டது

லாரி ஓட்டுவதை விட்ட பிறகு, எனக்குப் பேச்சு என்று இருப்பது சங்ககிரியில் ஒரு பஞ்சர் கடையின் பின்புறம்தான். மத்தியானம் நான்கு பேர் உட்கார்ந்து இருபத்தெட்டு என்ற சீட்டாட்டம் ஆடுவோம். வீட்டில் ஆள் இல்லை. மனைவி இறந்துவிட்டாள். மகள் ஆத்தூரில். ஞாயிற்றுக்கிழமை போன் செய்வாள்.

என் ஜோடி, என்னோடு ஒரே லாரியை மாற்றி மாற்றி ஓட்டியவன். எதிர் ஜோடி, பஞ்சர் கடைக்காரரும் லாரி புக்கிங் ஆபீஸ் கணக்குப்பிள்ளையும்.

இருபத்தெட்டில் பாதிச் சீட்டு வந்ததும் கேள்வி. இத்தனை பாயிண்ட் எடுப்பேன் என்று அவரவர் முறையில் கேட்க வேண்டும். விரல் காட்டக் கூடாது, வாயால்தான். முறை வராமல் ஒருவன் கேட்டுவிட்டால் அது செல்லாது. அவன் ஜோடியும் அந்த ஆட்டம் முழுக்கக் கேட்கக் கூடாது. இவன் கையில் நல்ல சீட்டு இருப்பது அவனுக்குத் தெரிந்துபோனதல்லவா. எங்கள் இடத்தில் சட்டம் அப்படி.

போன மழைக்காலத்தில் என் ஜோடிக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை விழுந்துவிட்டது. பஞ்சர் கடைக்காரர் பழைய டயரில் ஒரு துண்டு வெட்டிக் கொடுத்தார். அதன் பள்ளத்தில் சீட்டைச் செருகி வைத்து, இடது கையால் ஆடினான். பேச்சுக்கு அப்படி வழி இல்லை. நினைப்பு சரியாகத்தான் இருந்தது. வாயில் எண் வரவில்லை. அவன் முறை வந்தால் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். பிறகு அவன் வருவதை நிறுத்தினான்.

வேறு ஆளைப் பிடிக்கலாம் என்றார்கள். எனக்கு வேறு ஆள் வேண்டாம். போய் அழைத்து வந்தேன்.

அன்று கணக்குப்பிள்ளை முதலில் கேட்க வேண்டும். அவர் சீட்டை அடுக்குவதற்குள் நான் "பதினாறு" என்றேன்.

"மொறை என்னுதுங்க. போச்சு, உங்க ஜோடி வாயத் தொறக்கக் கூடாது."

அவன் வாய் திறக்க வேண்டியிருக்கவில்லை. நிதானமாக ஆடினான். அடுத்த ஆட்டத்திலும் முந்தினேன். மறுநாளும்.

"ஏனுங்க, கோயமுத்தூரு பஸ்ஸு கெளம்பீருச்சா?" என்றார் பஞ்சர் கடைக்காரர்.

"வயசாச்சுங்க," என்றேன்.

கொஞ்ச நாள் இப்படி ஓடியது. தோற்றோம். அவன் தினமும் வந்தான், அது போதும்.

ஒருநாள் நான் முந்தியதும் அவன் இடது கையால் தரையைத் தட்டினான். "நா… நா…" என்றான். என்னைத்தான் பார்த்தான். நான் எதற்கு முந்துகிறேன் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது.

"அவரு கேக்கோணுமாமுங்க," என்றார் கணக்குப்பிள்ளை.

"சட்டப்படி அவரு கேக்கக் கூடாதுங்களே," என்றார் பஞ்சர் கடைக்காரர்.

"கலைங்க. புதுசாப் போடலாம். இவரு வாயில ஒரு பீடியக் குடுங்க, சும்மா இருக்கட்டும்," என்று கணக்குப்பிள்ளை என்னைக் காட்டினார்.

மறுபடி போட்டார்கள். நான் பேசவில்லை. அவன் முறை வந்தது. வெளியே ஒரு லாரி பின்னால் வந்து நின்றது. ஆள் இறங்கி டயருக்குக் காற்றுப் பிடித்துக்கொண்டு போனான். டீ ஆறியது. யாரும் எண் எடுத்துக் கொடுக்கவில்லை.

"பதி… பதினேழு."

ஆடினோம், தோற்றோம்.

"இந்த லட்சணத்துக்கா இத்தன நேரம் யோசிச்சீங்க?" என்றார் பஞ்சர் கடைக்காரர். அவன் ஒரு பக்க வாயால் சிரித்தான்.

சாயங்காலம் அவன் மருமகள் ஸ்கூட்டரில் கூப்பிட வந்தாள். ஏறி உட்கார்ந்தவன் என் சட்டையைப் பிடித்தான். "நீ…" என்றான். அதற்கு மேல் வரவில்லை. நான் நின்றேன்.

"இருட்டுதுங்க மாமா, நாளைக்குப் பேசிக்கலாம்," என்று அவள் வண்டியை எடுத்தாள்.

திட்ட வந்தானா, வேறு ஏதாவதா, தெரியவில்லை. மறுநாள் வந்தான், அதைப் பற்றிப் பேசவில்லை. நானும் கேட்கவில்லை. இப்போது அவன் முறை வந்தால் வாயை மூடிக்கொண்டு காத்திருக்கிறேன்.