நாச்சியாபுரத்தில் ஓர் அறைச் சாவி

காலை எட்டரை மணிக்குக் காரைக்குடி ரயில் நிலைய வாசலில் கார் ஏறினோம். நாச்சியாபுரத்துக்குப் பதினைந்து கிலோமீட்டர் போல. போய்வர ஆயிரத்து ஐந்நூறு ரூபாய். பின்சீட்டில் ரேச்சல், தன் அப்பாவை அமெரிக்காவுக்கே திரும்ப அழைத்துப்போக வந்தவள். நான் மதுரையில் ஆங்கில ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். மொழிபெயர்க்கக் கூடப் போனேன்.

“அவருக்கு அங்கே ஏரிக்கரையில் பெரிய வீடு இருக்கிறது. அது வேண்டாமென்றால் என் வீட்டில் ஓர் அறை ஒழித்து, புதுக் கட்டிலும் போட்டுவிட்டேன். இங்கே ஒற்றை அறையில் என்ன சுகம்?” என்று வழியெல்லாம் புலம்பினாள்.

விஷயத்தை என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட டிரைவர் சலீம் சிரித்தார். “எங்க மச்சான் துபாய்ல ஒரு ரூம்ல ஏழு பேரோட கெடக்காரு, சார். அவரு காசுக்குப் போனாரு. இவுக அப்பா காச வச்சுக்கிட்டு வந்திருக்காக.”

அதை நான் மொழிபெயர்க்கவில்லை.

ஒன்பதே கால் மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிந்தது. அப்பா வால்டருக்கு எழுபத்தாறு வயது. நான்கு வருடமாக இங்கே வாடகைக்கு இருக்கிறார். விசாவுக்காக ஆறு மாதத்துக்கு ஒருமுறை இலங்கை போய் வருவாராம்.

“அங்கே எல்லாரும் என்னைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்வார்கள். அதற்குப் பயந்துதான் ஓடிவந்தேன். இங்கே கத்தரிக்காயை நானே பேரம் பேசி வாங்குகிறேன்” என்றார். சாமர்த்தியமான பதில்தான்.

அதற்குள் வீட்டுக்கார ஆச்சி வந்துவிட்டார். அடுத்த மாதம் அவருடைய இளைய மகன் வீட்டில் கல்யாணம். இந்தச் செட்டிநாட்டு வீடுகளில் கல்யாணமான ஒவ்வொரு ஜோடியும் ஒரு புள்ளி. புள்ளிக்கு ஓர் அறை. வால்டர் குடியிருப்பது, நியூஜெர்சியில் இருக்கும் மூத்த மகனின் அறை.

“மூத்தவன் குடும்பத்தோட வாரான். அவுக அறைய அவுகளுக்குத் தெறந்து விடணுமில்ல? கோவிச்சுக்கிடாதீகன்னு சொல்லுங்க சார்” என்றார் ஆச்சி. சுவரோரம் அவர்களுக்காக வாங்கிய இரண்டு புது மெத்தைகள் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் சாய்ந்திருந்தன.

நான் மொழிபெயர்த்ததும் ரேச்சல் முகம் மலர்ந்தது. அப்பாவுக்கு இனி இங்கே இடமில்லையே!

பத்தரை மணிக்கு மூத்த மகனிடமிருந்தே போன் வந்தது. ஆச்சி ஸ்பீக்கரில் போட்டார்.

“ஆத்தா, காரைக்குடியில ஏசி ஹோட்டல்ல ரூம் போட்டாச்சு. பிள்ளைகளுக்கு அந்த அறை சரிப்படாது. வெள்ளைக்காரரே இருக்கட்டும்.”

“சரிப்பா” என்றார் ஆச்சி. பிறகு வால்டரைப் பார்த்து, “நீங்களே இருந்துக்கங்க” என்றார். சேலைத் தலைப்பால் போனைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

“மகன் என்ன சொன்னான்?” என்று வால்டர் கேட்டார். சொன்னேன். அவர் மெத்தைகளைப் பார்த்தார். பிறகு மகளிடம், “டிக்கெட் எந்தக் கிழமைக்கு?” என்றார்.

“சனிக்கிழமை.”

வால்டர் அறைச் சாவியை ஆச்சியிடம் நீட்டினார்.

“அதான் அறை இருக்கே, எதுக்குப் போறாக?” என்றார் ஆச்சி.

“என் மகளும் ஓர் அறை ஒழித்து வைத்திருக்கிறாள் என்று சொல்லுங்கள்” என்றார் வால்டர். மொழிபெயர்த்தேன். ஆச்சி சாவியை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டார்.

மதியம் ஒரு மணிக்குக் காரைக்குடியில் மதுரை பஸ் ஏறினேன். பெங்களூரில் இருக்கும் என் மகன் தீபாவளிக்கு வரச்சொல்லி இரண்டு முறை கூப்பிட்டிருந்தான். அந்த ஊர்க் குளிர் ஒத்துக்கொள்ளாது என்று தட்டிக் கழித்திருந்தேன். பஸ் திருப்பத்தூர் தாண்டுவதற்குள் அவனை அழைத்து, வருகிறேன் என்றேன்.