தண்ணீர்க் கேனில் அம்பர் ஏல்

ஷார்ஜாவில் நாங்கள் மூவர் தங்கியிருக்கும் ஃபிளாட்டின் வாடகை அக்ரிமென்ட், எங்களில் மூத்தவரான குமரேசன் பெயரில் இருக்கிறது. மனைவி, மகளுக்கு விசா கேட்டு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்கிறார்.

மூன்றாமவன் பிரபு, இன்ஜினியர். மது கூடவே கூடாத இந்த ஊரில், இணையத்தைப் பார்த்துத் தண்ணீர்க் கேனில் அம்பர் ஏல் என்கிற செந்நிற பீரை ஊறப்போட்டு, சமையலறை மூலையில் துண்டு போர்த்தி வைத்திருந்தான்.

இன்று காலை தண்ணீர் போடும் மலையாளி வந்தார். வழக்கம்போல நிறைந்த கேனை வைத்துவிட்டு, காலிக் கேன் என்று நினைத்து அதைத் தூக்கினார். துண்டு விழுந்தது. உள்ளே நுரை.

"சாரே, இது எந்தா?"

"ஜூஸ்தான் சேட்டா. ஒரு கிளாஸ் குடிக்கிறீங்களா?" என்றான் பிரபு.

அவர் கேனைக் கீழே வைத்தார். தண்ணீருக்கான கூப்பன்கூட வாங்காமல் இறங்கிப் போய்விட்டார்.

குமரேசன் அந்தக் கேனைத் தூக்கிக்கொண்டு போய்க் கழிவறையில் கவிழ்த்தார்.

"எவ்வளவு உழைப்புண்ணே! அந்தக் கலரையாவது பாத்தீங்களா?"

"போலீஸ் வந்தா கலரையாடா பாப்பான்? அக்ரிமென்ட்ல யார் பேருன்னுதான் பாப்பான். நீ குடிக்க, நான் ஜெயிலுக்குப் போகணுமா?"

"உங்களுக்கு ரசனையே கிடையாதுண்ணே."

லிஃப்ட் கதவு திறக்கும் ஒவ்வொரு முறையும் குமரேசன் எழுந்து நிற்கிறார். பிரபு கேனைக் கழுவிக் காயவைத்துக்கொண்டிருக்கிறான். அடுத்த முறைக்காம்.

நண்பர்களே, பிரபுவுக்கு அவசரமாக வேறு ரூமில் ஒரு பெட் ஸ்பேஸ் வேண்டும். உங்களுக்கு ஆகாதவர்கள் யாராவது ரூமுக்கு ஆள் தேடினால் சொல்லுங்கள்.