புளி போட்டு மினுக்கிய சிங்கம்

அந்தப் பித்தளைச் சிங்கம் பொன்னாய் மினுங்கிக்கொண்டு நின்றது. காலை எட்டு மணி இருக்கும். தும்புத்தடியும் வாளியுமாகக் கோட்டையின் தேவாலய அறைக்குள் நுழைந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். முதல்நாள் மத்தியானம் நான் பார்த்தபோது அது கறுப்பு. எண்ணூறு வருசத்துக் கறுப்பு, ஓரங்களில் கொஞ்சம் பச்சை. இப்போது பிடரி மயிரை ஒவ்வொன்றாக எண்ணலாம் போலிருந்தது. பக்கத்தில் அக்கா ஏப்ரனில் கையைத் துடைத்தபடி சிரித்துக்கொண்டு நின்றார்.

"எப்பிடிப் பிள்ளை? கலியாண வீட்டுக் குத்துவிளக்கு மாதிரி இல்லையோ?"

அக்கா என் கூடப்பிறந்தவர் அல்ல. கெல்சென்கிர்ச்சன் நகரில் எனக்கு மேல்மாடியில் இருந்தவர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். கோட்டையில் துப்புரவு வேலை இருக்கிறதென்று என்னைக் கையோடு கூட்டிப்போனதும் அவர்தான். ரயிலில் ஒரு மணித்தியாலம், பிறகு பஸ், பிறகு மூச்சிரைக்க மலையேற்றம். உச்சியில் ஒரு பிரபு முதலில் கோபுரம் மட்டும் கட்டினானாம். அவனுடைய பிள்ளைகள் மதில் கட்டினார்கள், பேரர்கள் மண்டபம் கட்டினார்கள். ஒரு தரம் எரிந்து, ஒரு தரம் முற்றுகைக்குள் பட்டினி கிடந்து, கடைசியில் ஆளத் தெரியாத ஒரு வாரிசின் கையைவிட்டுப் போய் அருங்காட்சியகமாகிவிட்டது. உள்ளே ஆளில்லாத இரும்புச் சட்டைகள், வேட்டைக் காட்சி நெய்த சுவர்த்துணிகள், வர்ணம் உதிர்ந்த மரச் சொரூபங்கள், போகும் திசையெல்லாம் கண்ணால் தொடரும் பிரபுக்களின் படங்கள். இரும்புச் சட்டை அறைக்குள் தனியே போக எனக்குப் பயம். அக்கா முன்னுக்குப் போய், "என்னடாப்பா, சாப்பிட்டியளோ?" என்று அவற்றின் நெஞ்சில் தட்டிவிட்டு என்னைக் கூப்பிடுவார்.

சிங்கம் ஒரு கெண்டி. தலையில் உள்ள துளையால் தண்ணீர் ஊற்றி, வாயால் வார்க்கவேண்டும். விருந்துக்கு முன்னர் பிரபுக்கள் அதில்தான் கை கழுவினார்களாம். வாலே கைபிடி. அதை முதன்முதலில் கண்டபோது அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். "கொடியில நிக்கிற சிங்கத்துக்குப் பயந்து கடல் கடந்து ஓடி வந்தம். இஞ்சையும் பார், சிங்கத்துக்குத்தான் தூசு தட்டுறம்."

சிரிப்பெல்லாம் வாயோடு சரி. எங்கள் இரண்டு பேருக்கும் மூன்று மாதத்துக்கு ஒருதரம் நீட்டும் கடதாசி விசாதான். ஒழுங்கான வேலை இருக்கிறதென்று கடிதம் காட்டினால் நிரந்தர விசா கிடைக்கக்கூடிய ஒரு வழி அப்போதுதான் திறந்திருந்தது. அக்காவின் மகள் ஊரில் சித்தி வீட்டில் வளர்ந்துகொண்டிருந்தாள். பதினாறு வயது முடிவதற்குள் விசா கிடைத்தால் மகளைக் கூப்பிடலாம், வயது தாண்டினால் முடிந்ததுதான். மகளுக்குப் பதினைந்தரை. அக்காவின் டேர்மின், விசாக் கந்தோரில் போய் நிற்கவேண்டிய தவணை, அந்த வெள்ளிக்கிழமை. கடிதம் இன்னும் கைக்கு வரவில்லை. அந்த நாட்களில் அக்காவுக்கு நித்திரையும் இல்லை, நினைவும் இல்லை. பாதி வழியில் பஸ்ஸுக்குள் எழும்பி, "அடுப்பு நூத்தனானோ பிள்ளை?" என்று பதறுவார். அணைத்துத்தான் இருக்கும்.

எங்களை அனுப்பியது ஒரு துப்புரவு நிறுவனம் என்றாலும், வேலை தொடரும் என்று கடிதம் தரவேண்டியவர் கோட்டையின் சேகரிப்புகளுக்குப் பொறுப்பானவர். வைத்தியர் அல்ல, கலை வரலாறு படித்துப் பட்டம் வாங்கியவர்; நாங்கள் டொக்டர் அம்மா என்போம். அக்காவில் அவருக்கு நல்ல விருப்பம். கோட்டைக் கதவுகளின் பித்தளைக் கைபிடிகளை அக்கா பழப்புளியும் உப்பும் போட்டுத் தேய்த்து வைத்திருந்தார், எங்கள் பெண்கள் வெள்ளிக்கிழமைக்கு விளக்கு மினுக்குகிற மாதிரி. டொக்டர் அம்மா அதைப் பார்த்து வாய் பிளந்து, எந்தக் கடையில் வாங்கிய மருந்து என்று கேட்டார். அன்றிலிருந்து ஜாம் போத்தலில் கரைத்த புளி அக்காவின் வாளிக்குள் நிரந்தரமாகக் குடியிருந்தது.

கோட்டை பூட்டியிருக்கும் ஒரு திங்கட்கிழமை. சிங்கத்தின் கண்ணாடிப் பெட்டியைத் திருத்தக் கொண்டுபோய்விட்டார்கள். சிங்கம் தேவாலய அறை மேசையில் வெறுமனே நின்றது. டொக்டர் அம்மா என்னைக் கூப்பிட்டு, "உலோகச் சாமான் ஒன்றையும் தொடவேண்டாம் என்று அவரிடம் சொல்லுங்கள். தண்ணீர்கூடப் படக்கூடாது" என்றார். அக்காவுக்கு டொச்சில், அதாவது ஜேர்மன் மொழியில், வணக்கம், நன்றி, முடிந்தது, இவ்வளவும்தான் தெரியும். சொல்வதெல்லாம் என் வாயால்தான் அவருக்குப் போய்ச் சேரும். அன்று பின்னேரம் எனக்கும் டேர்மின். ஒரு பத்திரம் குறைகிறதென்று அதற்கு முதல் வாரம் திருப்பி அனுப்பியிருந்தார்கள். அதே யோசனையில் சப்பாத்து மாட்டிக்கொண்டே, "எல்லாத்தையும் துடையுங்கோ அக்கா, படங்களை மட்டும் தொடாதேங்கோ" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினேன். சிங்கத்தைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. மறந்தே போனேன்.

செவ்வாய் காலை அது மினுங்கியபோதுதான் ஞாபகம் வந்தது. டொக்டர் அம்மா பத்து மணிக்கு வருவார். அந்த இரண்டு மணித்தியாலமும் நான் பட்ட பாடு கடவுளுக்குத்தான் வெளிச்சம். தேயிலைச் சாயம் பூசினால் கறுக்குமா? மெழுகுதிரியைக் கொளுத்திப் புகை பிடித்தால்? படிக்கட்டைக் கழுவிய இடத்திலேயே திரும்பத் திரும்பக் கழுவினேன். வாசலில் கார்ச் சத்தம் கேட்ட நேரமெல்லாம் ஓடிப்போய் எட்டிப் பார்த்தேன். அக்காவோ மேலே பாடிக்கொண்டு யன்னல் துடைத்தார். "சாமி அறைக்குள்ள கறுத்த பித்தளை வைக்கலாமே, சொல்லு? அந்த மனிசி கண்டா அசந்து போகும். கடிதம் இண்டைக்கே வரும் பார்." அவர் அதை மினுக்கியதே அந்தக் கடிதத்துக்காகத்தான். அப்போதாவது சொல்லியிருக்கலாம்.

டொக்டர் அம்மா வந்தார், கண்டார். கத்தவில்லை. பீடத்தின் படியில் மெல்ல இருந்து, முகத்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டார். அந்தக் கறுப்புத்தான் அதன் வயது என்றும், அது இனி ஒருநாளும் திரும்பாது என்றும் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"நேற்று நான் சொன்னதை இவரிடம் சொன்னீர்களா?"

கண் முன்னால் என் விசாக் கடதாசி. இல்லையென்று சொன்னால் வேலை போகும், வேலை போனால் விசா போகும், விசா போனால் விமானம் ஏற்றிவிடுவார்கள். ஏறினால் இறங்கும் இடத்தில் யார் நிற்பார்கள் என்று எனக்குத் தெரியும்.

"சொன்னேன்" என்றேன்.

"என்னவாம் பிள்ளை?" என்று அக்கா கேட்டார். அவருடைய சிரிப்பு பாதியில் நின்றிருந்தது.

"இரும்பு, பித்தளை ஒண்டையும் தொடக்கூடாதெண்டு நேற்று நான் உங்களுக்குச் சொன்னனான்தானே அக்கா. ஞாபகம் இல்லையோ?"

இதைச் சொன்னது நான்தான். குரல்கூட நடுங்கவில்லை. அக்கா என்னைப் பார்த்தார், சிங்கத்தைப் பார்த்தார். நெற்றியைத் தடவினார். "சொன்னனியோ?" என்றார் மெதுவாக. "ஐயோ, சொல்லித்தான் இருப்பாய். என்ர மண்டைக்குள்ள ஒண்டும் நிக்குதில்லையே, பிள்ளை." பிறகு டொக்டர் அம்மாவின் முன்னால் போய்க் கைகூப்பினார்.

கடிதம் வரவில்லை. எங்களை அனுப்பிய துப்புரவு நிறுவனம் அந்தக் கிழமையே அக்காவை நிறுத்திவிட்டது. எனக்கு விசா கிடைத்தது. அக்காவுக்கு அது கிடைக்க இன்னும் ஆறு வருசம் ஆனது. அதற்குள் மகளுக்குப் பதினாறும் முடிந்து, இருபதும் கடந்து, கனடாவிலிருந்து ஒரு மாப்பிள்ளை வந்து கட்டிக்கொண்டு போனார். மகளின் கலியாணத்தை அக்கா வீடியோவில் பார்த்தார். நான் அந்த வீட்டிலிருந்து சொல்லாமல் கொள்ளாமல் வேறு ஊருக்கு மாறிவிட்டேன். அதுவரைக்கும் மேல்மாடிப் படியில் அவருடைய செருப்புச் சத்தம் கேட்டாலே கதவைப் பூட்டிக்கொள்வேன்.

இன்றைக்கும் அதே கோட்டையில்தான் வேலை செய்கிறேன். வாளி போய், கழுத்தில் அட்டை தொங்கவிட்டு, வருகிறவர்களைக் கண்காணிக்கும் வேலை. சிங்கத்தின் கீழ் ஒரு வரி சேர்த்திருக்கிறார்கள்: மூல மேற்பரப்பு பிற்காலத்துத் துப்புரவில் அழிந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு அதைத்தான் மிகவும் பிடிக்கும், மினுங்குகிறதே. யார் செய்தது என்று எப்போதாவது ஒரு பிள்ளை கேட்கும். நான் கேளாத மாதிரி அடுத்த அறைக்கு வழி காட்டுவேன்.

போன கோடையில் ஊன்ட்றொப் என்ற ஊரில் இருக்கும் எங்கள் அம்மன் கோயில் தேருக்குப் போனேன். கால்வாய்க் கரையில், அவ்வளவு சனத்துக்குள், பின்னாலிருந்து ஒரு கை என் தோளைப் பிடித்தது. அக்கா. தலை முழுக்க நரை. பிடிபட்டுவிட்டேன் என்றுதான் முதலில் நினைத்தேன். இவ்வளவு காலமும் நான் நம்பியிருந்தது இதுதான்: அக்காவுக்கு அன்றைக்கே எல்லாம் விளங்கியது, என்னைக் காப்பாற்றத்தான் பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டார். அந்த நம்பிக்கையில்தான் என்னால் கொஞ்சமாவது நித்திரை கொள்ள முடிந்தது.

அக்கா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதார். "உன்ர முகத்தில முழிக்க வெக்கப்பட்டு நான் உன்னைத் தேடி வரேல்லைப் பிள்ளை. நீ வடிவாச் சொல்லியும் நான்தான் மறந்துபோட்டன். உன்னையும் அந்த மனிசிக்கு முன்னால தலைகுனிய வைச்சன். என்ர பிள்ளையை நானே இல்லாமல் பண்ணினன். எந்தத் தாய் இப்பிடி மறப்பாள், சொல்லு?"

தேர் அசைந்தது, சனம் அரோகரா என்றது. நான் வாயைத் திறந்தேன். பயம். அன்றைக்கு விசாவுக்குப் பயந்தேன். இப்போது ஒரு கிழவியின் முகத்துக்குப் பயந்தேன். "அழாதேங்கோ அக்கா" என்று மட்டும் வந்தது. போகும்போது, "நீ இப்ப கதை, கட்டுரையெல்லாம் எழுதிறியாமே. ஒண்டும் விடாமல் வாசிப்பன், அனுப்பு" என்று விலாசத்தை எழுதித் தந்தார்.

அதனால் இதை எழுதினேன். நாளைக்குத் தபாலில் போடப்போகிறேன்.

அக்கா, நீங்கள் மறக்கவில்லை. நான் சொல்லவே இல்லை.